உயிரோடு இருப்பவருக்கு ஒரு தெரு

எங்கள் ஊர் பென்டில் ஹில்லில் போடும் புதுத் தெருவுக்குக் கவுன்சில் பெயர் கேட்டது தெரியும்தானே. நான் பக்கத்து வீட்டு யோகன் அங்கிளின் பெயரை அனுப்பியிருந்தேன். தினமும் எங்கள் வாசலை மறித்துக் கார் விடுகிறவருக்குச் சொந்தமாக ஒரு தெருவே இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

காலமானவர்களின் பெயரைத்தான் ஏற்போம் என்று படிவத்தில் இருந்தது. 'காலமானார்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். குடும்பத்தின் முகவரி கேட்டார்கள். அவர் வீட்டு முகவரியையே கொடுத்தேன்.

இன்று ஸ்கூல் விட்டு வரும்போது அங்கிள் கவுன்சில் கடிதத்தோடு தன் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, இதை ஒருக்கா வாசி. நான் விளங்கினது சரியோ எண்டு பாக்கோணும்."

காலஞ்சென்ற யோகன் அவர்களின் குடும்பத்துக்கு அனுதாபம் என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. அவர் பெயர் இறுதிப் பட்டியலுக்கு வந்துவிட்டதாம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"வியாழக்கிழமை எனக்கு ஹார்ட் ஒப்பரேஷன்," என்றார். "இதைப் பாத்த பிறகு நான் போகமாட்டன்."

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சொறி அங்கிள். அது நான் பகிடிக்கு, சும்மா விளையாட்டுக்கு அனுப்பினது."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை நான்காக மடித்தார்.

"பகிடி எண்டு விளங்குது. ஆனா இத்தினை சனம் இருக்க, உன்ர கைக்கு ஏன் என்ர பேர் வந்தது?"

அவர் உள்ளே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். வியாழக்கிழமை வரவில்லை என்று அவர் சொல்வது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அவரை எப்படிப் போக வைப்பது என்று யாராவது கமென்டில் சொல்லுங்கள். பகிடி யோசனைகள் மட்டும் வேண்டாம், அவை என்னிடமே தேவைக்கு அதிகமாக இருக்கின்றன.