உள்ளங்கையில் பிசைந்த பாதரசம்

பல் டாக்டரின் கிளினிக்கில் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருக்கும் அவளுக்குக் காலையில் முதல் வேலை, வெள்ளைக் கோட்டின் பைக்குள் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொள்வது. வெளியே விட்டால் விரல்கள் ஆடும். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி ட்ரேயில் மோதிக் காட்டிக்கொடுத்துவிடும். டாக்டருக்குத் தெரிந்தால் மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி.

அந்தக் கைக்கு ஒரு காலத்தில் தனி மவுசு. வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் சின்னக் கல்வத்தில் அரைத்து, உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் பிசைந்து, துணியில் வைத்து முறுக்குவாள். மிச்சப் பாதரசம் முத்து முத்தாகச் சொட்டும். கையுறை போட்டால் பதம் தெரியாது என்று அவளே கழற்றி வைத்தாள். அக்கம்பக்கத்துக் கடைவாய்ப் பற்களின் ஓட்டையை மூடிய அடைப்புகளில் பாதி அவள் பிசைந்ததுதான். ஐந்து வருடம் முன்பு கலக்குகிற மெஷின் வந்தது. கைக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வெடுத்த கை மெல்ல ஆட ஆரம்பித்தது.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார்.

"எல்லா அடைப்பையும் எடுத்துடுங்க டாக்டர். பாதரசம் மூளைக்கு ஏறுதாமே!"

"படிச்சவர் நீங்களே இப்படிப் பயந்தா எப்படி சார்? கெட்டியான அடைப்புல இருந்து வர்றது ரொம்பக் கொஞ்சம். தோண்டினாத்தான் ஆவி கிளம்பும். அக்கா, இங்க வாங்க, வாயைத் திறங்க."

இது டாக்டரின் வழக்கமான சாட்சி. மூன்று அடைப்புகளோடு அவள் வாயைப் பிளந்து நின்றாள். அவசரத்தில் ட்ரேயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணைக் கீழே இறக்கினார். "வாய் சரிம்மா. கை ஏன் தந்தி அடிக்குது?"

அவர் போனதும் டாக்டர் கேட்டார். "எத்தனை நாளா அக்கா?"

"குளிருக்கு டாக்டர்."

"இன்னைக்கு ஏசியே போடலையே."

டாக்டரே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். மகள் கூட வந்தாள். சிறுநீர் ரிப்போர்ட்டில் பாதரசம் அளவோடுதான் இருந்தது.

"சந்தோஷப்படுங்க" என்றார் நரம்பு டாக்டர். "ஆனா ஒண்ணு. சமீபத்துல உள்ள போனதைத்தான் இது காட்டும். அப்போ பிசைஞ்சதுக்கு இதுல பதில் கிடையாது."

"அப்ப யாரைக் கேக்கறது?" என்றாள் மகள்.

"பாதரசமா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். தெரிஞ்சா நானே சொல்லிடுவேனேம்மா."

வெளியே வந்ததும் மகள் டீ வாங்கிக் கொடுத்தாள். "ரெண்டு கையாலயும் பிடிம்மா" என்றாள். அவள் பிடித்தாள். அப்படியும் பாதி புடவையில் சிந்தியது.

வேலை போகவில்லை. அவள் பயந்ததில் பாதிதான் நடந்தது. "இனிமே ட்ரே வேண்டாங்க்கா. முன்னாடி உக்காந்து வர்றவங்களைக் கவனிங்க, போதும்" என்றார் டாக்டர். அந்த ரிப்போர்ட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக் காத்திருக்கும் அறைச் சுவரில் அவரே மாட்டினார். பயந்து வருகிறவர்கள் படிக்கட்டும் என்று.

மறுநாள் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "ஏங்க்கா, இந்த பாதரச அடைப்பு உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?"

"வாயில இருக்கறதைப் பத்தி டாக்டர் சொல்வார்ம்மா" என்றாள் அவள். கைகள் கோட்டுப் பைக்குள் இருந்ததால், சுவரில் இருந்த ரிப்போர்ட்டை முகவாயால் காட்டினாள்.