மகள் நடக்காத பரேடு நாளில் ஒரு கிரிவலம்

ஆவணி மாதத்து அந்த வெள்ளிக்கிழமைக்கு நான் போட்டு வைத்திருந்த திட்டம் வேறு. ஒடிசாவில் ஓர் ஏரிக்கரையில் இருக்கும் கடற்படைப் பயிற்சி மையத்தில் என் மகள் கீர்த்தனாவின் நிறைவு அணிவகுப்பு அன்றைக்குத்தான். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. மருத்துவமனை பில்லிங் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் எனக்கு நாலு நாள் லீவு சேர்ந்தாற்போலக் கிடைப்பது பெரிய விஷயம், அதையும் வாங்கியாயிற்று.

பரேடுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஓட்டப் பயிற்சியில், அவளுடைய இடது கால் முன்னெலும்பில் விரிசல் விட்டுவிட்டது. ஓடக்கூடாது, ஓய்வுதான் என்றார்கள். கூடச் சேர்ந்த பிள்ளைகள் பயிற்சி முடித்துப் போய்விடுவார்கள். இவள் கால் தேறியதும் அடுத்த குழுவோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். முடிவை அவள்தான் சொல்ல வேண்டும்.

“பரேடுக்கு வராதம்மா. நான் இல்லாத பரேடுல உனக்கு என்ன வேலை” என்றாள் போனில். டிக்கெட்டை ரத்து செய்தேன். லீவை ரத்து செய்ய முடியவில்லை. அப்படிச் செய்தால் ஏன் என்று கவுன்ட்டரில் எல்லோருக்கும் விளக்க வேண்டும். என் கணவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீடு. கூடுவாஞ்சேரி வீட்டில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமையைக் கழிக்க எனக்குத் துணிவில்லை.

திருவண்ணாமலையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், பயிற்சிக்குப் போன முதல் வாரத்தில் கீர்த்தனா சொன்ன ஒரு விஷயம். கடற்படையின் முழக்க வாசகத்திலேயே வருணன் பெயர் இருக்கிறதாம். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்களில் ஒன்று வருண லிங்கம். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் வைத்துக்கொண்டு நான் எங்கும் போனதில்லை, இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்கு அது தெரியும்.

கிளாம்பாக்கத்திலிருந்து காலை ஏழேகால் மணி அரசுப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழி. நடுவில் டீக்கு ஒரே ஒரு நிறுத்தம். பதினொன்றரைக்குத் திருவண்ணாமலையில் இறங்கிவிட்டேன். ஜன்னல் சீட் வேண்டுமென்றால் இடதுபக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் முழுக்க முகத்தில்தான் என்று முன்பு எங்கோ எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. திண்டிவனம் தாண்டி வண்டி மேற்கே திரும்பியதும் வெயில் முதுகுக்குப் போய்விடுகிறது.

பேருந்து நிலையத்திலிருந்து ராஜகோபுரம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும், வாய் ஓயாத மனிதர்.

“பௌர்ணமி இல்லாத நாளு. கும்பல் கம்மி, நல்லா நடக்கலாம். கூட யாரும் வர்லீங்களா?”

“இல்லீங்க.”

“தனியாவா? என்னா வேண்டுதலுங்க?”

கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அந்த நேரத்தில் எதற்காக அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. “பொண்ணு நேவில சேந்திருக்கா. இன்னிக்கு சாயந்தரம் அவளுக்கு பரேடு. அதான்” என்றேன்.

“பரவால்லியே. பொம்பளப் புள்ளய நேவிக்கு அனுப்பிக்கிறீங்க.” இறங்கும்போது பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பத்து ரூபாய் நாள் முழுக்க உறுத்தியது.

சன்னதித் தெருவுக்குப் பின்னால் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். தனியாக வரும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் நுழைந்த இடத்தில் “ஒரு ஆளா?” என்று இழுத்தார்கள், காலி இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஆதாரைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். மனம் சோராமல் அடுத்த வாசலுக்குப் போங்கள். அறை வாடகை தொள்ளாயிரம், சுத்தமாக இருந்தது.

பரேடு மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது, நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அதனால் மூன்றரைக்கே செருப்பை அறையில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். இது முட்டாள்தனம். சிமென்ட் நடைபாதை அந்த நேரத்தில் பாதத்தைப் பொசுக்கிவிடும். நாலரைக்கு முன் வெறுங்காலோடு கிளம்பாதீர்கள். மர நிழல் விழுந்த இடமாகப் பார்த்துப் பார்த்து, ஒரு பைத்தியக்காரி போலக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். அக்னி லிங்கம் தாண்டி, செங்கம் சாலையில் ரமணாசிரமம் பகுதி வரும். அந்தச் சாலையோரத்துக் காபிக் கடைகளில் வெள்ளைக்காரர்கள் தனித்தனி மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார்கள். தனியாக இருப்பதற்காகவே இவ்வளவு தூரம் வந்தவர்கள் போலிருந்தது. எம லிங்கத்தைக் கடந்து, செங்கம் சாலையை விட்டு நிருதி லிங்கம் பக்கம் பிரிந்ததும் வாகன இரைச்சல் குறைந்துவிடும். மலை வலதுகைப் பக்கம் கூடவே வரும். எதிரில் எவரும் வர மாட்டார்கள், எல்லோரும் ஒரே திசையில் நடப்பதால் முதுகுகளை மட்டும்தான் பார்க்க முடியும். முதல்முறையாக அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

ஐந்தரை தாண்டி வருண லிங்கத்துக்கு வந்து சேர்ந்தேன். சின்னக் கோயில். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் கற்பூரம் காட்டிவிட்டுப் போனது. கைகூப்பி நின்ற பிறகுதான் என்ன வேண்டுவதென்று தெரியவில்லை என்பது உறைத்தது. அவள் அங்கேயே இருக்கட்டும் என்றா? வந்துவிடட்டும் என்றா? எனக்கு வேண்டியது இரண்டாவது. அவளுக்கு வேண்டியது எது என்று ஐந்து வாரமாக நான் கேட்கவே இல்லை. கால் சரியாகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடி அண்ணாமலைக்குள் நுழையும்போது போனில் ஒன்பது சதவிகிதம்தான் சார்ஜ் இருந்தது. கீர்த்தனாவின் குழுவில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் பரேடு நேரலைக்கான இணைப்பு வந்திருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் நடந்துகொண்டிருந்தேன். ஆனால் கீர்த்தனா கூப்பிட்டால் போன் அணைந்திருக்கக் கூடாதே. ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நின்று, சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் மல்லிகா. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் டீ, இன்னொன்றில் அவித்த வேர்க்கடலை. “ஒயரு சின்னதுங்க, இங்கயே நிக்கணும். மல்லாட்ட வெந்திடுச்சி, துன்னுகினே நில்லுங்க” என்றார். மல்லாட்டை என்பது இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்குப் பெயர். ஒரு பொட்டலம் இருபது ரூபாய்.

“தனியாவா வந்துகிறீங்க?”

ஆட்டோக்காரரிடம் சொன்னதையே இவரிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் சுலபமாக வந்தது.

“இன்னிக்கா? போன்ல காட்டுவாங்களா?” கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். “போடுங்க, பாக்கலாம்.”

இனி மறுக்க வழியில்லை. இணைப்பைத் திறந்தேன். வெள்ளை உடுப்பில் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பேண்டு சத்தம். ஆண்களுக்குப் பின்னால் பெண்கள் அணி.

“எதும்மா உன் பொண்ணு?”

தொப்பி எல்லோருடைய நெற்றியையும் மறைத்திருந்தது. எல்லோருடைய கையும் ஒரே உயரத்துக்கு எழும்பியது. மூன்றாவது வரிசையில் ஓரத்தில் வந்த ஒரு பெண்ணைக் காட்டினேன். “அதோ, அது.”

“நல்ல உசரம்” என்றார் மல்லிகா. “உன்ன மாதிரியே மூஞ்சி.”

அப்போது திரையில் பரேடு மறைந்து கீர்த்தனாவின் பெயர் வந்தது. ஒயர் நீளம் போதாமல் கடைப் பலகைமேல் குனிந்தபடிதான் பேச வேண்டியிருந்தது. மல்லிகா ஒரு கை தூரத்தில் நின்றார்.

“அம்மா, பாத்துட்டு இருக்கியா?”

“பாத்துட்டுதான்டி இருக்கேன். நீ எங்க இருக்க?”

“ஓரமா சேர் போட்டு உக்கார வச்சிருக்காங்க, கட்டுப் போட்ட காலோட. இன்னிக்கு எல்லாருக்கும் போன் குடுத்துட்டாங்க. நானும் கை தட்டிட்டு இருக்கேன்.” அவள் பின்னால் அதே பேண்டு சத்தம் கேட்டது. “திங்கக்கிழமை சொல்லணும்மா, இருக்கேனா வரேனானு.”

“ம்.”

“வந்துடட்டுமா?”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். ‘வந்துடு கண்ணு’ என்பது நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் கேட்டேன்: “கால் முடியலியா?”

“கால் இல்லம்மா. சரியாயிடும்னுதான் டாக்டர் சொல்றாரு.”

“பின்ன?”

“நீ தனியா இருக்க. அப்பாவும் வண்டியிலயே இருக்காரு. போன ஞாயித்துக்கிழமை போன் எடுத்ததும் ஒண்ணும் பேசாம அழுத. எனக்கு அதுதான் ஓடிட்டே இருக்கு.”

பலகைமேல் கிடந்த கடலைத் தோலை விரலால் ஒதுக்கிக்கொண்டே நின்றேன். நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லலாம். அவள் நம்ப மாட்டாள்.

“ஆமா, தனியாதான் இருக்கேன்” என்றேன். “கஷ்டமாதான் இருக்கு. ஒரு ஆளுக்கு சமைக்கவே பிடிக்கல. ஆனா அது என் பாடு, நான் பாத்துக்கறேன். கால் முடியலன்னா வா. மனசு இல்லன்னா வா. நானே வந்து கூட்டிட்டு வரேன். எனக்காக மட்டும் வராத.”



“நிஜமாதான் சொல்றியா?”

“நிஜமாதான்.”

“சரிம்மா. கூப்பிடறாங்க. வெக்கறேன்.”

இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது மல்லிகா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. டீயை என் முன்னால் வைத்துவிட்டு, “இன்னும் முடியலியே, போடுங்க” என்றார்.

மறுபடி திறந்தேன். பெண்கள் அணி திரும்பி வந்துகொண்டிருந்தது.

“அந்த மூணாவது வரிசப் பொண்ணு” என்றார் மல்லிகா மெதுவாக, “யாரு பெத்த பொண்ணோ, நல்லா நடக்குது.”

“ஆமா” என்றேன். அவர் என் முதுகில் கை வைத்தார், எடுத்தார், ஒரு வாடிக்கையாளருக்குக் கடலை கட்டப் போனார். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோரை மைதானத்துக்குள் விட்டார்கள். எந்த அம்மா எந்தப் பிள்ளையைத் தேடி ஓடுகிறார் என்று கடைசிவரை பார்த்தேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மீதி ஐந்தரை கிலோமீட்டர். பாதை முழுக்க விளக்கு இருக்கிறது, பயமில்லை. வாயு லிங்கம் அருகே என் கணவரைக் கூப்பிட்டேன். நாக்பூர் பக்கம் டிராஃபிக்கில் இருந்தார். “ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்றார். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பேச்சைச் சொல்லிவிட்டு, அதை எவரிடமும் சொல்ல முடியாமல் குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் என்று நடந்தேன். எட்டு மணிக்கு ராஜகோபுரத்தின் முன்னால் வந்து நின்றபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை பகல், கவுன்ட்டரில் இருக்கும்போது செய்தி வந்தது: “இருக்கேன்மா.” அடுத்தவரின் டோக்கனை வாங்கி பில் போட்டேன். டீ இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கூட்டம் ஆகாதென்றால் பௌர்ணமியையும் அதன் முந்தைய நாளையும் தவிருங்கள். அதிகாலை நாலரை அல்லது மாலை நாலரைதான் நடக்கச் சரியான நேரம். நாலரை மணி நேரம் ஆகும். தண்ணீர் வழி நெடுகக் கிடைக்கும், கழிப்பறைக்கு மட்டும் ஊரைத் தாண்டுமுன் யோசித்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் எடுத்துப் போங்கள். தூரத்தில் பயிற்சியில் பிள்ளையை விட்டுவிட்டு நடக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிள்ளை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கும்போது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். ஊகிக்க விட்டால், அந்தச் சுமையையும் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

கீர்த்தனா இப்போது புதுக் குழுவில் இருக்கிறாள். கால் வலி இல்லை என்கிறாள். போன ஞாயிறு ஓர் எண்ணைக் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் ராமநாதபுரத்துப் பெண், வீட்டுக்குப் போன் செய்தால் அழுகை வந்துவிடும் என்று கூப்பிடாமலே இருக்கிறாளாம். “அவ அம்மாகிட்ட நீ பேசறியா?” என்றாள். அன்று மாலையே கூப்பிட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

“யாரு? பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலீங்க. நல்லா இருக்கா. என் பொண்ணும் அங்கதான் இருக்கா, பக்கத்துக் கட்டில்” என்றேன்.

எதிர்முனையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.