பூட்டிய வீடுகளும் புதிய படிவமும்

ஒழுங்காக வேலை பார்த்த ஒரு பெண்ணை, நாற்பது பேர் முன்னால், பொய் எழுதுகிறவள் என்று சொல்லாமல் சொன்னவன் நான். அதையும் ஒரு நகைச்சுவையாகச் சொன்னேன். அறையே சிரித்தது. மதியச் சாப்பாட்டில் இரண்டாவது அப்பளம் கேட்டு வாங்கித் தின்றேன். அவ்வளவு திருப்தி.

நான் வக்கீல். விருதுநகரில் என் வீட்டு வாசல் பலகை அப்படித்தான் சொல்கிறது. கட்சிக்காரர்கள் பலகையை நம்பாததால், குழந்தைகள் இல்லங்களிலும் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்திலும் வேலை செய்பவர்களுக்குச் சட்டப் பயிற்சி கொடுக்கவும், அவர்கள் கோப்புகளைச் சரிபார்க்கவும் போனேன். சட்டத்தைத் திருத்திப் புதிய விதிகள் வந்திருந்த சமயம். இல்லத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் முன், களப்பணியாளர் நேரில் போய்க் குடும்பத்தைப் பார்த்து எழுத வேண்டிய அறிக்கைக்குப் புதுப் படிவம் வந்திருந்தது. எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எல்லோருக்கும் பயம். பயந்திருக்கிறவர்கள் முன்னால் எல்லாம் தெரிந்தவனாக நிற்பது மாதிரி ஒரு சுகம் கிடையாது.

வகுப்பு சூலக்கரையில். எழுதி முடித்த அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கான களப்பணியாளர், நாற்பது வயதிருக்கும், பதினொன்று கொண்டுவந்தார். புரட்டினேன். பதினொரு குடும்பங்களோடும் அவர் பேசிய தேதிகள் மொத்தம் மூன்று. இரண்டு மாதத்தில் மூன்றே நாள். மற்ற தேதிகளுக்கு நேராகவெல்லாம் ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற ஒரே வரி. என்னுள் தூங்கிக்கொண்டிருந்த துப்பறிவாளன் எழுந்து உட்கார்ந்தான்.

“ஏம்மா, நீங்க பதினொரு வீட்டுக்குப் போனீகளா, இல்ல பதினொரு வீடும் பஸ் ஏறி ஆபீசுக்கு வந்துச்சா?”

சிரிப்பு அடங்கும்வரை அந்தப் பெண் தலை நிமிரவில்லை. அதைக் குற்ற ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். பதினொன்றிலும் சிவப்பு மையில் எழுதினேன்: ‘அலுவலக நேரத்தில், வீட்டில், மீண்டும் நேரில் பார்த்து எழுதுக.’

மறுநாள் காலை ஓர் இல்லத்து மேட்ரனிடமிருந்து போன் வந்தது.

“ஸ்தோத்திரம் சார். இங்கன ஒம்பது வயசுப் புள்ள ஒண்ணு இருக்கு. காலாண்டுப் பரிச்சைய வீட்டுல இருந்து எழுதப் போறேன்னு புஸ்தகத்தை எல்லாம் கட்டி வச்சிட்டு, வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிட்டீகளாமே?”

கோப்பை எடுத்துப் படித்தேன். வகுப்பில் தேதிகளை மட்டும்தான் படித்திருந்தேன். அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவள். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டிருக்கிறார்கள். அது அம்மாவைப் பார்க்கத் தனியாக ரயிலேறி, விருதுநகர் ஜங்ஷனில் அழுதுகொண்டு நின்றிருக்கிறது. அங்கிருந்து இல்லத்துக்கு. அம்மா தேறி வேலைக்கும் போய்விட்டாள். குழந்தைகள் நலக் குழு பிள்ளையை அனுப்பத் தயார். அறிக்கை மட்டும்தான் வேண்டும். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. நடுவில் என் சிவப்பு மை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. எப்படி விசாரிப்பது என்று நானே கூட வந்து காட்டுகிறேன் என்று களப்பணியாளரிடம் சொன்னேன். “வாங்க சார்” என்றார். அதில் ஒரு துளி கோபம் இல்லை. இருந்திருந்தால் உஷாராகியிருப்பேன்.

காலை பதினொரு மணிக்குக் கிராமத்தில் இறங்கினோம். அந்தப் பிள்ளையின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. எதிர் வீடு பூட்டியிருந்தது. தெரு முழுக்க விதவிதமான பூட்டுகள். வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, என் பையை மோப்பம் பிடித்த ஆட்டை, “ஏலே, தள்ளிப் போ” என்று விரட்டினார்.

“என்னய்யா, ஓட்டுக் கேக்கவா வந்திருக்கீக?”

“இல்லய்யா. இந்த வீட்டு அம்மாவைப் பாக்கணும்.”

“கம்பெனி வேன்ல போயிருச்சு. தெருவே போயிருச்சு.”

“எப்ப வருவாக?”

“பொளுது சாஞ்சு வருவாக. பகல்ல பாக்கணும்னா மழ பெஞ்சாத்தான்.”

நான் திரும்பிக் களப்பணியாளரைப் பார்த்தேன். அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை, இடி என்றால் ஆலையில் வேலை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிடுவார்கள். வெடிமருந்துக்கு ஈரமும் ஆகாது, மின்னலும் ஆகாது. நான் பிறந்து வளர்ந்த மாவட்டம் இது. தீபாவளிக்குத் தீபாவளி வெடித்துத் தள்ளியவன். அந்த மூன்று தேதிகளும் மழை பெய்த நாட்கள் என்று வகுப்பில் எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டேன்.

“சாயங்காலம் போகலாமே?”

“போயிருக்கேன் சார். வேன்ல எறங்குனதும் தண்ணி பிடிக்கணும், ஒல வைக்கணும். அந்நேரம் என்ன கேட்டாலும் ‘ஆமா ஆமா’ம்பாக. அதை எழுதவா?”

“ஞாயித்துக்கிழமை?”

“சீசன்ல ஞாயிறு ஏது?”

“இதை வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க எங்க சார் கேள்வி கேட்டீக? தீர்ப்புல்ல சொன்னீக.”

வக்கீலாக இத்தனை வருடத்தில் இவ்வளவு சுருக்கமான வாதத்தை நான் கேட்டதில்லை.

பழைய அறிக்கையையே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. ‘மீண்டும் பார்க்க’ என்று எழுதி, பார்க்காமலே சரி என்று அடித்தால் குழு ஏன் என்று கேட்கும், பிள்ளைக்குத்தான் இன்னும் நாள் போகும் என்றார். ஆகவே அடுத்த நான்கு நாள் நான் வானத்தைப் பார்த்தேன். மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்ட என் மனைவி, மழை வேண்டி நின்ற ஒரே ஆளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை இடித்தது. உடனே களப்பணியாளரின் போன்: “சார், கெளம்புங்க.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஒரு பூட்டு இல்லை. வேன் வேனாக ஆட்கள் இறங்கி, தலையில் துண்டைப் போட்டு ஓடினார்கள். அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு, ஒழுகாத பக்கமாக உட்கார வைத்தாள். களப்பணியாளர் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில், அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை யாரோடு இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு யார் கூட்டி வருவார், இனிமேல் ஆஸ்பத்திரி என்றால் எங்கே விடுவார்கள் என்று எல்லாம் தானாக வந்து விழுந்தன. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பாதி பதிலைச் சொன்னாள். படிவத்தின் அத்தனை கேள்விகளும் அதில் இருந்தன. பழைய அறிக்கையில் அவர் எழுதியிருந்ததும் வரிக்கு வரி அதுவேதான். பிள்ளைக்கென்று தாய் தனியாக எடுத்து வைத்திருந்த சிவப்பு ரிப்பன்கூட.

எனக்குச் சட்டம் தெரியும். அந்தச் சட்டம் எந்த வாசல் வழியாக ஒரு வீட்டுக்குள் போகும் என்பதை அவரிடம்தான் கற்றேன். நாற்பது பேர் முன்னால் அவமானப்படுத்தியவனை மழையில் குடை பிடித்துக் கூட்டிப் போனவர் அவர். அடுத்த வகுப்பில் அதே அறையில், நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் உரியவன்.

அறிக்கை போனது. பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது குழு பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப உத்தரவு போட்டது. ஒரு கையில் புத்தகக் கட்டும் மறு கையில் பிள்ளையுமாக அந்த அம்மா இல்லத்திலிருந்து வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்த நான் பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்காமல் தூக்கம் வராது என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

“அம்மா, ஒங்க பிள்ளை முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கணும். இம்புட்டு நாள் தள்ளிப் போனதுக்கு முழுக் காரணம் நான்தான். அன்னைக்கு நான் அந்த அறிக்கையை…”

“சரி, தள்ளி நில்லுங்க, பஸ்ஸு வருது.”