நுரைக்கு இட்ட பெயர்

“இதுக்கு ஏன் சில்லபப்னு பேர் வந்தது?” என்று விருந்தாளி ஒருவர் கேட்டார்.

சீமாட்டி கால்வர்லி விசிறியை மடக்கி மடியில் வைத்தாள். “யாருக்குத் தெரியும்? வெறும் பேச்சைக்கூட சில்லபப்னுதான் சொல்றாங்க. நுரைக்கு எதுக்குங்க அர்த்தம்?”

புல்வெளி நடுவே செர்ரி என்ற பசு நின்றது. அதன் மடிக்குக் கீழே பெரிய பீங்கான் கிண்ணம். அதில் இனிப்பு ஒயின், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. பாலை உயரத்திலிருந்து நேரே அதில் பீய்ச்ச வேண்டும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒயின் அடியில் தெளிந்து, நுரை மேலே கெட்டியாக நிற்கும்; அதுதான் சில்லபப். கறக்க வந்தவள் அந்த வீட்டுப் பால் அறையில் வேலை செய்த தாமசின் ப்ரௌஸ்.

“பிடில் வாசிக்கிறவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கம்மா. நேத்துதான் கன்னுக்குட்டியைப் பிரிச்சாங்க. மிரளும்” என்றாள் அவள்.

“மாட்டுக்காக சங்கீதத்தை நிறுத்தவா? கறடி.”

தாமசின் கறந்தாள். நுரை விளிம்பைத் தொட்ட நேரத்தில் பிடில் கிறீச்சிட்டது. செர்ரி உதைத்தது. கிண்ணம் பறந்து வந்து தாமசினின் தலையில் கவிழ்ந்தது. முடியிலும் இமையிலும் நுரை வழிய, அவள் மெல்ல எழுந்து நின்றாள்.

“பாருங்க, சில்லபப் எழுந்து நிக்குது” என்றாள் சீமாட்டி.

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சீமாட்டிக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் வேலைக்கு வந்திருந்த ஹெஸ்டர், கையிலிருந்த சீமாட்டியின் சால்வையைத் துடைத்துக்கொள்ள நீட்டினாள்.

“அது காஷ்மீரத்துச் சால்வை” என்றாள் சீமாட்டி. ஹெஸ்டர் கையை இழுத்துக்கொண்டாள்.

அன்றோடு தாமசின் என்ற பெயர் போயிற்று. சமையல்காரி சில்லபப் என்றாள், தோட்டக்காரன் சில்லபப் என்றான், வெண்ணெய் வாங்க வந்த ஊர்ப் பெண்களும் அப்படியே கூப்பிட்டார்கள். ஹெஸ்டர் மட்டும் அக்கா என்றாள்; அதிலும் பெயர் இல்லை. தாமசின் எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தாள். டெவன் மேட்டுநிலத்தில் பிறந்தவள், அகன்ற தோள்காரி, அதிகம் பேசமாட்டாள். பாலாடைக்கட்டிகளைத் திருப்பி வைக்கும்போது மட்டும் தனக்குள் ஏதோ முணுமுணுப்பாள். வருடத்துக்கு வருடம் கோடை விருந்தில் அவள் கறந்த நுரையின் உயரத்தை அக்கம்பக்கத்துப் பெரிய வீடுகளெல்லாம் பேசின. வேறு யார் கறந்தாலும் அது அமுங்கிப் போயிற்று.

பீப்பாய் செய்யும் ஆமோஸ் லஸ்கம் அவளைப் பெண் கேட்டபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மனைவியை இழந்தவன், சிரிக்கத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவன். அதனாலேயே அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனைக் கட்டிக்கொண்டால் சொந்தமாக ஒரு அடுப்பு, சொந்தமாக ஒரு கதவு. மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டா என்று கேட்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

முதல் ஞாயிறு போதகர் இரண்டு பெயர்களையும் வாசித்தார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாமசின் ப்ரௌஸா, அது யார்? முன்வரிசையிலிருந்து சீமாட்டி, குரலை உயர்த்தாமல், தேன் ஒழுகச் சொன்னாள்: “நம்ம சில்லபப்தான்.”

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசைவரை போயிற்று. சீமாட்டி வீட்டில் வாரம் தவறாமல் சாப்பிடும் போதகரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஆப்பிள் மது விற்கும் சைடர் கடையில் அன்று மாலை ஒருவன் கேட்டான், “ஏம்ப்பா ஆமோஸ், நுரையை எந்தப் பீப்பாயில அடைக்கப் போறே?” அதை அந்த வாரம் முழுக்க ஊரே கேட்டது. பட்டறை வாசலில் யாரோ ஒரு கிண்ணம் சோப்பு நுரையை வைத்துவிட்டுப் போனார்கள்.

சீமாட்டிக்குத் தலை வாரிவிட்டபோது, அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று ஹெஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டாள். சீமாட்டி கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். “அவ போயிட்டா என் விருந்துக்கு யாருடி கறப்பா? நான் தடை சொன்னேனா? பேரைத்தானே சொன்னேன்.”

சனிக்கிழமை தாமசின் ஹெஸ்டரைத் தேடி மாடிப்படி வரை வந்தாள். மறுநாள் தன் பெயர் வாசிக்கும்போது கொஞ்சம் பலமாக இரும முடியுமா, சீமாட்டி சொல்வது யார் காதிலும் விழாமல் இருக்கட்டும் என்றாள்.

ஹெஸ்டர் இருமினாள். வாழ்நாளில் அவள் போட்ட பெரிய சத்தம் அதுதான். சீமாட்டி அவசரப்படவில்லை. இருமல் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சர்க்கரை மாத்திரையை எடுத்து, ஊர் பார்க்க, ஹெஸ்டரின் வாயில் தானே போட்டாள். கோவில் நிசப்தமான பிறகு சொன்னாள்: “பாவம், நம்ம சில்லபப் பேரைக் கேட்டதும் இவளுக்குத் தொண்டையே அடைச்சிடுச்சு.”

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. அதற்கு முன்பே ஆமோஸ் பால் அறை வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். “உன்மேல குத்தமில்ல. என் பீப்பாயைப் பார்த்தாலே சிரிக்கிறாங்க. என்னால தாங்க முடியல.” தாமசின் சரி என்றாள். அவன் தொப்பியை வைத்துக்கொண்டு போனான். அவள் பாலாடைக்கட்டியைத் திருப்பி வைத்தாள். அன்றைக்கு முணுமுணுப்பு இல்லை.

அந்தக் கோடையில் நுரை என்றும் இல்லாத உயரத்துக்கு நின்றது. “இவளை விட்டுடுவேனா?” என்று சீமாட்டி விருந்தாளிகளிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில் ஆமோஸுக்குப் பக்கத்து ஊரில் பெண் அமைந்தது. கிரேஸ் யோ என்று பெயர். செய்தி கேட்டு சீமாட்டி மகிழ்ந்து போனாள். கல்யாணச் சாப்பாட்டுக்குச் சில்லபப் தன் பரிசு என்று அறிவித்தாள். செர்ரியை ஓட்டிக்கொண்டு போய், ஆமோஸின் முற்றத்தில், மாப்பிள்ளை பெண் முன்னால் கறக்கும்படி தாமசினுக்கு உத்தரவாயிற்று.

ஓலை வாசிக்கும் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள். ஹெஸ்டருக்கு உண்மையாகவே சளி பிடித்திருந்தது. தாமசின் மறுபடி மாடிப்படி வரை வந்து நின்றாள். கையில் பால் வாடை.

“நாளைக்கு எப்படியாவது இருமலை அடக்கிக்கோ ஹெஸ்டர். அந்தப் பொண்ணு பேரு கடைசி வரிசை வரைக்கும் நல்லாக் கேக்கட்டும்.”