அரியலூர்ச் சிப்பிக்கல்

பெங்களூருக்கு வந்த முதல் மூன்று வருடங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்குத் தொம்மலூரில்தான். சபையில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா, ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். கணவரை இழந்து தனியாக இருந்தவர். நான் வைட்ஃபீல்டில் ஓர் அறையில் இருந்தேன். அடுக்குமாடிகளுக்கு அஸ்திவாரம் போடுமுன் நிலத்தைத் துளைத்து, கீழே என்ன மண், என்ன பாறை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வேலையைத் தவிர வேறு பேச்சு வாரம் முழுக்க யாரோடும் இருக்காது.

எங்கள் சபைக்கு வேதாகமத்தில் வரும் ஜலப்பிரளயம் அப்படியே நடந்த சம்பவம். உலகம் முழுவதும் மூழ்கியது. பேழைக்குள் இருந்த எட்டுப் பேர் பிழைத்தார்கள். நானும் அப்படி நம்பித்தான் வளர்ந்தேன். நிலவியல் படித்த வருடங்களில் எப்போதோ அந்த நம்பிக்கை போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கல்லூரி நாட்களில் அரியலூரிலிருந்து எடுத்துவந்த, சிப்பி பதிந்த கல் ஒன்று என்னிடம் இருந்தது. அக்கா அதைப் பற்றிப் போதகரிடம் சொல்லியிருக்கிறார்.

"வாலிபர் கூட்டத்துல அதக் காட்டி பத்து நிமிஷம் பேசுங்க சிஸ்டர். கடலே இல்லாத எடத்துல சிப்பி எப்படி வந்துச்சுன்னு நீங்க சொன்னா பிள்ளைங்க நம்புவாங்க" என்றார் போதகர்.

மறுத்திருக்கலாம். என்னை ஒருவர் பேசக் கூப்பிட்ட சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு கூட்டம். கல் கைக்குக் கை மாறிப் போனது. ஒரு பெண் கேட்டாள், "அப்ப இது பிரளயத்துல வந்ததுதானேக்கா?"

அக்கா முன்வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் சொன்னேன்.

"இல்லம்மா. அங்க கடல் வந்து லட்சக்கணக்கான வருஷம் இருந்திருக்கு. போயிட்டு மறுபடியும் வந்திருக்கு. ஒரே வெள்ளத்துல இப்படி அடுக்கடுக்கா படியாது."

யாரும் சத்தம் போடவில்லை. போதகர் எழுந்து, "சகோதரிக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் திறந்த கண்ணோடு நின்றிருந்தேன்.

அன்றும் அக்கா அழைத்துப் போனார். சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பேழை பொய்யின்னா மத்ததும் பொய்தானே?"

"அப்படி இல்லக்கா."

"எனக்கு அப்படித்தாம்மா. எங்க வீட்டுக்காரர மறுபடி பாப்பேன்னும் அதே வேதத்துலதான் எழுதியிருக்கு. இது நெஜம், இது கதைன்னு நான் எப்படிப் பிரிக்கிறது? நீ படிச்சவ, பிரிச்சுக்குவ."

பிசைந்த சோறு கையில் காயும்வரை யோசித்தேன்.

"நான் சொன்னது தப்பாக்கா?"

"தப்புன்னு சொல்லல. நான் அங்க உக்காந்திருக்கும்போது சொல்லாம இருந்திருக்கலாம்."

அடுத்த வாரம் அவர் அல்சூர் உறவினர்களோடு வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஸ்தோத்திரம்மா" என்றார். அவ்வளவுதான். என்னை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. சில மாதங்கள் போய்வந்துவிட்டு நானே நின்றுவிட்டேன். இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில ஆராதனைக்குப் போகிறேன். அங்கே என் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

போன மாதம் மெட்ரோ நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார்.

"உனக்காக தெனமும் ஜெபிக்கிறேன்" என்றார்.

"சரிக்கா."

அவர் சொன்னால் செய்கிறவர். எதற்காக ஜெபிக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை. வண்டி வந்தது, ஏறிக்கொண்டார்.