க்ரைம் பக்கத்து இங்கிலீஷ்

இங்கிலீஷ் கற்றுத்தரும் தொழிலில், சொன்னதை மாணவர்கள் மறந்தால் ஒரு கஷ்டம், மறக்காவிட்டால் அதைவிடப் பெரிய கஷ்டம். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திண்டிவனத்தில் செருப்புக் கடை மாடியில் என் மாலை வகுப்பு. இங்கிலீஷ் பேப்பரில் தினம் ஒரு செய்தி, அதிலிருந்து சில வார்த்தைகள். உள்ளூர் விஷயம் என்றால் மனசில் நிற்குமே என்று ஜில்லாப் பக்கத்தை எடுத்தேன். அதில் திருட்டும் விபத்தும்தான் இருந்தன.

அப்ஸ்காண்டிங்

மணல் லாரி டிரைவர் தலைமறைவு என்று ஒரு செய்தி. 'அப்ஸ்காண்டிங்' என்று போர்டில் எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். பெருமுக்கல்லிலிருந்து வரும் அமுதா எழுந்தாள். டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பெண். தேர்தல் முடிந்ததிலிருந்து எங்கள் வார்டு மெம்பர் அப்ஸ்காண்டிங் என்று பிழையில்லாத இங்கிலீஷில் சொன்னாள். போலீஸ் தேடினால்தான் அந்த வார்த்தை பொருந்தும் என்றேன்.

"ஊரே தேடிக்கினு இருக்குது சார், போலீஸ் மட்டும்தான் தேடலை."

அலெஜட்லி

நிரூபணமாகாத எதையும் பேப்பரில் 'அலெஜட்லி' சேர்த்துத்தான் எழுதுவார்கள். அதாவது, செய்ததாகச் சொல்லப்படுகிறது. வெளிநாட்டு வேலைக்காகப் படிக்க வந்த எலக்ட்ரீசியன் குமாருக்கு இந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் அவர் மனைவி மாடியேறி வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"குடிச்சியான்னு கேட்டா 'அலெஜட்லி'ன்றாரு. அதுக்கு இன்னா அர்த்தம்னா, இன்னும் நிரூபணம் ஆவலைன்றாரு. ஏன் சார் இதெல்லாம் சொல்லிக் குடுத்து பேஜாரு பண்றீங்க?"

சர்வைவ்ட் பை

அமுதாவுக்கு விழுப்புரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து இன்டர்வியூ வந்தது. அப்பா கட்டட வேலையில் கால் ஒடிந்து படுத்திருந்தார். அம்மா களையெடுக்கிற கூலியில் வீடு ஓடியது. அவள் பஸ் ஏறியதிலிருந்து நான் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் உள்ளனர் என்று மரணச் செய்தியின் கடைசியில் போடுவார்களே, அந்த 'சர்வைவ்ட் பை' அவள் வாயில் வந்துவிட்டது. 'ஐ ஆம் சர்வைவ்ட் பை மை பேரன்ட்ஸ் அண்ட் எ பிரதர்' என்றாளாம். உயிரோடு உட்கார்ந்து தன் மரணச் செய்தியைத் தானே வாசித்திருக்கிறாள்.

அவள் போனில் சொன்னதும், வகுப்பை இழுத்து மூடிவிடலாம் என்று தோன்றியது. தன்னைப் பற்றி விசாரிக்க என் நம்பரைத்தான் அங்கே கொடுத்திருந்தாள். சாயங்காலம் மேனேஜரே கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"எங்க விபத்து கிளெய்ம் பிரிவுக்கு இந்த மாதிரி இங்கிலீஷ்தான் சார் வேணும். திங்கக்கெழமை வந்து ஜாயின் பண்ணச் சொல்லுங்க, உயிரோட."

ஊரில் நடக்கிற நல்லதைப் பேப்பரில் போடாததால், வேலை கிடைத்த சந்தோஷத்தைச் சொல்ல மட்டும் எங்கள் வகுப்பில் இன்றுவரை ஒரு இங்கிலீஷ் வார்த்தை இல்லை.