ஜிவித் என்றால் வயிறு

எட்டு வயதில் ஒரு நாள் முழுவதும் அம்மா சாகப்போகிறார் என்று நம்பியிருந்தேன். ஓர் உக்ரேனியச் சொல்லும் என்னுடைய ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

இத்தாலியின் பலேர்மோ நகரில், பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கம், நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைத்த ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் அம்மா துப்புரவு வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். படுக்கையிலிருந்த சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ள ஓர் உக்ரேனியப் பெண் அங்கேயே தங்கியிருந்தார். எனக்கு அவர் உக்ரேன் அன்ரி. அம்மாவும் அவரும் அரைகுறை இத்தாலியனில் ஓயாமல் கதைப்பார்கள். நான் இரண்டு பேரையும் திருத்துவேன். அந்த வீட்டில் மொழி தெரிந்தவள் நான்தான் என்று எனக்குப் பெரிய எண்ணம்.

அன்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஒண்டுமில்லை பிள்ளை. அன்ரியைக் கூப்பிடு."

ஓடிவந்த அன்ரிக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாம் அந்த நிமிடத்தில் மறந்துபோயிற்று. "ஜிவித்! ஜிவித்!" என்று கத்திக்கொண்டே தொலைபேசியைத் தேடினார்.

ஞாயிறுதோறும் பூசையில் விசுவாசப் பிரமாணச் செபத்தை 'நித்திய ஜீவியம்' என்று சொல்லி முடிப்பவளுக்கு இந்தச் சொல் விளங்காதா? அம்மாவின் ஜீவியம் போகிறது.

அம்புலன்ஸ் அம்மாவைக் கொண்டுபோயிற்று. நான் சிஞ்ஞோராவின் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டேன். பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டே போய், ஜீவியம் வருவதற்கு முன்னால் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். அந்தச் சொல் வாயிலிருந்து போனால் அம்மாவும் போய்விடுவார் என்று பயம். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

மாலையில் அப்பா வந்தார்.

"அம்மான்ரை ஜீவியம் போட்டுதோ, அப்பா?"

"ஆர் சொன்னது?"

அன்ரியைக் காட்டினேன். அவர் பதறிப்போய்த் தன் வயிற்றைத் தட்டி, வயிற்றுக்கான இத்தாலியச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜிவித் என்றால் வயிறுதானாம்.

"ஓம் பிள்ளை, வயித்திலைதான் சுகமில்லை. நாளைக்கு அம்மா வந்திடுவா," என்றார் அப்பா.

வயிறு! ஐஸ்கிறீம் கூடினால் எனக்கும்தானே வலிக்கிறது. துள்ளிக் குதித்தேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்த அம்மாவிடம் அதைப் பெரிய பகிடியாகச் சொன்னேன். "உங்கடை உயிர் போகுதெண்டு பயந்திட்டன் அம்மா. பாத்தா, வெறும் வயிறு!"

அம்மா சிரிக்கவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். என்மேல் அவ்வளவு பாசம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பல வருடங்களுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் இந்தக் கதையைக் கேட்ட சேர்பியத் தோழி ஒருத்தி, தங்கள் மொழியில் ஜிவோத் என்றால் உயிர், வாழ்க்கை என்றாள். பல்கேரியனிலும் அப்படித்தானாம். ரஷ்ய, உக்ரேனிய மொழிகளுக்குப் போன இடத்தில் அதே சொல் வயிறாகிவிட்டது. அங்கேகூடப் பழைய வேதப் புத்தகங்களில் அது உயிர்தானாம்.

அதற்கு முன்பே அம்மா எனக்குச் சொல்லியிருந்தார், அன்று கலைந்தது மூன்று மாதக் கரு என்று. நான் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. யாருடைய ஜீவியம் என்பதில்தான் பிழை விட்டேன். வெறும் வயிறு என்று நான் சிரித்தபோது, அம்மாவுக்கு அது உண்மையாகவே வெறும் வயிறு.